உஷார்! பேப்பர் போடுமுன் கோகன் கணக்கைப் பாருங்கள்

ஆபீஸ் ஆபீஸாக ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது, ஜாக்கிரதை! பாரிஸ் பங்குச்சந்தையில் கை நிறையச் சம்பாதித்த ஒருவர், ஒரு நாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு தாஹிதித் தீவுக்குக் கப்பல் ஏறினார், படம் வரைந்தார், உலகப்புகழ் பெற்றார். பெயர் பால் கோகன். அப்ரைசல் முடிந்த மறுநாள் இதைக் கேட்டால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். அவசரப்பட்டு பேப்பர் போட்டுவிடாதீர்கள். அந்தக் கதையில் பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில், ‘ஒரு நாள்’ என்பதே புளுகு. வேலையில் இருந்தபோதே லீவு நாட்களில் வரைந்துகொண்டிருந்தவர் அவர். 1876-லேயே பாரிஸின் அரசுக் கண்காட்சியில் அவர் படம் இடம்பிடித்தது. ஓவியர் பிஸாரோவிடம் பாடம் கேட்டார். 1882-ல் சந்தை சரிந்தது; மறு வருடம் வேலையை விட்டார். அதாவது உதறியதில் பாதி, ஏற்கெனவே கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. லண்டன் பங்குத் தரகர் ஒருவர் திடீரென்று கிளம்பிப்போகிற மாதிரி 1919-ல் சாமர்செட் மாம் நாவல் எழுதினார் பாருங்கள், நம் மனதில் ஓடுகிற படம் பெரும்பாலும் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. வீட்டில் மனைவி மெட், ஐந்து குழந்தைகள். மனைவியின் ஊரான கோபன்ஹேகனில் தார்ப்பாய் விற்கப் பார்த்தார். டேனிஷ் மொழி தெரியாது, வியாபாரம் படுத்தது. மனைவி பிரெஞ்சு டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். 1885-ல் கோகன் ஒரு மகனை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸ் திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் பையனுக்குப் பெரியம்மை. அப்பா, நேற்றைய பங்குத் தரகர், நாளுக்கு 5 பிராங்க் கூலிக்கு போஸ்டர் ஒட்டினார்.

சரி, தாஹிதியாவது சொர்க்கமாக இருந்ததா? 1891-ல் ஏலத்தில் படங்களை விற்றுக் காசு சேர்த்துக்கொண்டு போனார். இரண்டே வருடத்தில் பிரெஞ்சு அரசின் செலவில் ஊர் திரும்பவேண்டிய கதி. 1895-ல் மறுபடி போனார். 1898-ல் கையில் காசில்லாமல் பாபீட்டே நகரத்துப் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார், தினம் 6 பிராங்க். ஆமாம், ஆபீஸ் வேண்டாமென்று கடல் கடந்து போனவர், அங்கேயும் ஆபீஸுக்குத்தான் போனார்! 1900-ல் பாரிஸ் ஓவிய வியாபாரி வொலார் மாதம் 300 பிராங்க் அனுப்ப ஒப்புக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். அதுவும் மாதச் சம்பளம் மாதிரிதானே? 1903-ல் மார்க்கேசஸ் தீவில் நோயோடும் கோர்ட் வழக்கோடும் இறந்தார். தாஹிதியில் அவர் ‘மனைவி’ என்று சேர்த்துக்கொண்ட பெண்ணுக்குப் பதின்மூன்று வயது என்று அவரே எழுதியிருக்கிறார். இதை ‘கலைஞனின் சுதந்திரம்’ என்று யாராவது பூசி மெழுகினால் நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் அவர் மேதை. நமக்கு அந்தச் சலுகையும் உறுதியில்லை.

படம் வரையக் கிளம்புகிறவர்களுக்கு இன்றைக்கு வேறு வலைகளும் விரித்திருக்கிறார்கள். ஷெங்கன் டூரிஸ்ட் விசா கையிலிருந்தால் ஐரோப்பாவில் ஸ்டூடியோ போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் கதவைச் சாத்துங்கள். 180 நாளில் அதிகபட்சம் 90 நாள், அவ்வளவுதான். ‘உங்கள் படத்தைப் பார்த்து அசந்துபோனோம், எங்கள் கேலரியில் வைக்கிறோம்’ என்று மெயில் வரும். கூடவே சுவர் வாடகை, கேட்டலாக் கட்டணம் என்று ஒரு பில்லும் வரும். படம் விற்றால் கமிஷன் எடுப்பது கேலரிக்கு நியாயம். மாட்டுவதற்கே உங்களிடம் காசு வாங்கிவிட்டவனுக்கு, விற்க என்ன அவசரம்?

எல்லாவற்றையும்விட மோசமானது செக் வித்தை. ‘என் மனைவிக்கு உங்கள் படம் ரொம்பப் பிடித்துவிட்டது’ என்று ஆரம்பிப்பார்கள். பேரம்கூடப் பேச மாட்டார்கள். கேட்ட விலைக்கு மேலேயே ஒரு தொகைக்கு செக் வரும். ‘கூடுதலை பார்சல்காரருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பார்கள். நீங்கள் அனுப்புகிற பணம் நிஜம். அந்த செக் சில நாள் கழித்துத் திரும்பிவிடும். அதற்குள் பார்சல்காரரும் இல்லை, அந்த மனைவியும் இல்லை. விலைக்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே முறித்துவிட்டு, பேங்குக்குத் தகவல் சொல்லுங்கள்.