தீவுக்கு வராத ஐலண்ட்

பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே தினமும் ஒரு ரயில் ஓடுகிறது. அட்டவணையில் அதற்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆனால் அதில் வழக்கமாகப் போகிறவர்களுக்கு அது இன்றும் ஐலண்ட்தான். எந்தத் தீவு என்று கேட்டால் இளையவர்கள் விழிப்பார்கள். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று காயலுக்கு அப்பால் பார்த்தால் தெரிகிறதே வில்லிங்டன் தீவு, அதுதான். ஒரு காலத்தில் அந்த வண்டி அங்கேதான் வந்து நின்றது. இன்று தீவின் பெயர் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. தீவுக்கு வண்டி வருவதில்லை.

அன்று

கொச்சிக்கு ரயில் சும்மா வந்துவிடவில்லை. ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு மீட்டர் கேஜ் பாதை போடப் பணம் போதாமல், கொச்சி மகாராஜா ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். 1902இல் வண்டி ஓடியது. 1920இல் துறைமுகம் கட்ட வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டித் திறந்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதல் ஆளாக உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் காயலிலேயே கொட்டி மேடாக்கிய நிலம்தான் வில்லிங்டன் தீவு. 1930களில் ரயில் பாதை அகலப் பாதையானது. 1940களில் வெண்டுருத்திப் பாலத்தின் மேல் தண்டவாளம் தீவுக்குள் நுழைந்தது. கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் நிலையம் பிறந்தது.

கப்பலில் இறங்கியவர் மூட்டையோடு சில நிமிடம் நடந்தால் மெட்ராஸ் வண்டி நிற்கும். அதே தீவில் விமான நிலையமும் இருந்தது. கடல், தண்டவாளம், வானம் என்று மூன்று வழியும் கூப்பிடு தூரத்தில் அமைந்த இடம் இந்தியாவில் அரிது. மட்டாஞ்சேரி பஜார் தெருவின் மிளகும் இஞ்சியும் இந்தத் துறைமுகத்தை நம்பித்தான் இருந்தன.

அந்த நாளின் டிக்கெட்டைக் கையில் பிடித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கட்டைவிரல் அகலத்தில் தடித்த அட்டை. கம்பிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் அதை ஓர் இரும்புக் கருவியில் செருகுவார். டக்கென்று ஒரு சத்தம், தேதி பதிந்துவிடும். அந்த அட்டையோடு ஏறினால் கம்பி போட்ட ஜன்னல், மரப்பலகை இருக்கை, நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் பாசஞ்சர் வண்டி. முன்பதிவு வேண்டாம். இருக்கிற காசுக்கு ஏறிக்கொள்ளலாம். கூலித் தொழிலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து போன வண்டி அது.

பிறகு வழி மாறியது. 1970களில் எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகத் திருவனந்தபுரம் வரை அகலப் பாதை வந்தது. 1989இல் ஆலப்புழைப் பாதையும் திறந்தது. தெற்கே போகிற வண்டிக்குத் தீவு ஒரு முட்டுச்சந்து ஆகிவிட்டது. உள்ளே போனால் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித்தான் திரும்ப வேண்டும். எர்ணாகுளம் சவுத் நிலையத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்போது அந்தச் சிரமம் எதற்கு என்று வண்டிகள் ஒவ்வொன்றாக விலகின. 1999இல் விமான நிலையம் நெடும்பாசேரிக்குப் போனது. 2011இல் கண்டெய்னர் முனையம் வல்லார்பாடத்துக்குப் போனது. அங்கே சரக்கு வண்டிக்காக 4.62 கிலோமீட்டர் நீளத்துக்குக் காயல் மேல் பாலமே கட்டினார்கள். மனிதர்கள் ஏறிய தண்டவாளம் மட்டும் இங்கே துருப்பிடித்தது.

இன்று

போர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிக்கானா என்னும் சலவைத்துறைக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தோய்க்கிறார்கள். கொடிக்குக் கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கடல்காற்று எவ்வளவு அடித்தாலும் வேட்டி பறக்காது. இவர்களில் ஒருவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டுமென்றால், முதலில் எர்ணாகுளம் சவுத் போய்ச் சேர வேண்டும். பஸ் நெரிசலில் பையும் பிள்ளையுமாக ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோவுக்கு நூறுகளில் பேச வேண்டும். பாலத்துக்கு அப்பால் தீவில் ஒரு ரயில் நிலையம் இருந்தும் இந்த நிலை.

2018 செப்டம்பரில் டெமு என்ற டீசல் வண்டி ஒன்றைத் தீவுக்கு விட்டார்கள். பாதை பழையது என்பதால் ஊர்ந்து போனது. நாளுக்குச் சில நடைதான். தீவில் இறங்கினால் மேற்கொண்டு போக வழியில்லை. ஆள் வரவில்லை என்று விரைவிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு வருடம் பிப்ரவரியில் இதே தண்டவாளத்தில் 1855ஆம் ஆண்டின் நீராவி இஞ்சின் ஒன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டிக்கெட் 500 ரூபாய். பழைய வண்டியின் அழகு திரும்பி வந்தது. பழைய வண்டியின் விலை வரவில்லை. மட்டாஞ்சேரிக்காரருக்குத் தேவை அந்த விலைதான்.

2023 ஏப்ரல் 25 அன்று கேரளத்தின் முதல் வந்தே பாரத் ரயிலும், கொச்சி வாட்டர் மெட்ரோவும் ஒரே நாளில் தொடங்கின. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் அன்றைக்குச் சாதாரணப் பாசஞ்சரில் ஏறுகிறவர், கொரோனாவுக்குப் பின் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றப்பட்ட வண்டியில், குறைந்தபட்சம் 30 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி ஆனது. பெரிய ரயிலுக்குக் கொடி அசைக்க நாள் பார்ப்பவர்கள் சின்ன ரயிலை ஏன் இத்தனை காலம் மறந்தார்கள் என்பதே என் ஆதங்கம்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஏசி இல்லாத அம்ரித் பாரத் ரயிலை நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையே கட்டிக் கொடுத்தது. 2023 டிசம்பர் 30 முதல் அது ஓடுகிறது. சாதாரண மக்களுக்கும் புதிய வண்டி செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. தீவுக்கு அவ்வளவு நீள வண்டி கூட வேண்டாம். எட்டுப் பெட்டி கொண்ட மெமு என்ற மின்சார ரயில் போதும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், அன்று வண்டிகளை விரட்டிய இஞ்சின் மாற்றும் தொல்லை இதற்கு இல்லை. நின்று நின்று போகவென்றே அமைந்த வண்டி அது.

2018இல் இல்லாத ஒன்றும் இப்போது இருக்கிறது. வாட்டர் மெட்ரோ படகுகள் போர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் வரத் தொடங்கிவிட்டன. பாதையைச் சீர்செய்து, படகு நேரத்தையும் ரயில் நேரத்தையும் ஒட்ட வைத்து, காலையிலும் மாலையிலும் அரை மணிக்கு ஒரு வண்டி விட்டால் தோபிக்கானாக்காரரும் பஜார் தெருச் சுமைத் தொழிலாளியும் ஆட்டோ பேரம் இல்லாமல் சவுத் ஸ்டேஷனில் இறங்குவார்கள். அந்தப் பழைய டெமுவை வைத்து இந்த ஊரை எடை போட்டது நியாயமில்லை. நேரத்துக்கு வராத வண்டிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் அவர்களுக்கு வண்டியே வேண்டாம் என்று ஆகிவிடாது.

தண்டவாளம் இந்த மண்ணுக்கு வர ஒரு தலைமுறை யானையின் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தது. இப்போது யாரும் தங்கம் கேட்கவில்லை. எர்ணாகுளத்திலிருந்து தீவு வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர், எட்டுப் பெட்டி, பத்து ரூபாய் டிக்கெட். இதுதான் கேட்கிறோம்.