மேற்கோள் கணக்கில் அடங்காத சுப்பாராவ்

உயிர்வேதியியல் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களில் பல பத்தாண்டுகள் விடாமல் இடம்பிடித்த இரட்டைப் பெயர், ‘ஃபிஸ்கே, சுப்பாராவ்’. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலிருந்து 1925-இல் இருவரும் வெளியிட்ட ஒரு கட்டுரையை ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

தாமதமாக வந்த நீலம்

ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே அந்த 1925 கட்டுரையின் வேலை. மாதிரியை அமிலத்தில் மாலிப்டேட்டுடன் சேர்த்து, ஆக்சிஜன் ஒடுக்கியைக் கலந்தால் நீல நிறம் எழும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு. எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடிய எளிய முறை என்பதால் உலகம் அதை உடனே பிடித்துக்கொண்டது. அளந்தவர்கள் எல்லோரும் எந்த முறையில் அளந்தோம் என்று எழுதியாக வேண்டும்; மேற்கோள்கள் குவிந்தது அப்படித்தான்.

தசைச் சாற்றைச் சோதித்தபோது மட்டும் நீலம் தாமதமாக எழுந்தது. கருவியைக் குறை சொல்லாமல் இருவரும் காரணத்தைத் தேடினார்கள். எளிதில் உடையும் ஒரு பாஸ்பேட் சேர்மம் அமிலத்தில் மெல்லச் சிதைந்துகொண்டிருந்தது. 1927-இல் அறிவிக்கப்பட்ட அதன் பெயர் பாஸ்போகிரியாட்டின். இந்தக் கண்டுபிடிப்பால், தசை இயக்கத்துக்கு லாக்டிக் அமிலமே ஆதாரம் என்ற அன்றைய கொள்கை ஆட்டம் கண்டது. 1929-இல், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூற்றையும் பிரித்தெடுத்தார்கள், அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் கண்டறிந்தார்.

பெயர் உதிர்ந்த இடங்கள்

ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டால் கண்டறிந்தவரின் பெயர் உதிர்ந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டினார். ஏ.டி.பி. அப்படித்தான் ஆனது. செல்களின் ஆற்றலைப் பற்றி எழுதுகிறவர்கள் 1929 கட்டுரையைத் தேடிப்போவதில்லை. அளவை முறைக்கு மேற்கோள் பெருகிய அதே விஞ்ஞானிக்கு, அதைவிட ஆழமான கண்டுபிடிப்பில் மேற்கோள் தேய்ந்தது.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காத சுப்பாராவ், 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அதற்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரினும் வந்தது. அதை வைத்துத்தான் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் அறிவித்தார். அதன் உறவுமருந்தான மெத்தோட்ரெக்ஸேட், புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் கைகொடுக்கிறது. அந்த 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-ஆம் வயதில் மறைந்தார்.

லெடர்லியில் பிறந்த இன்னொரு மருந்து டி.இ.சி. யானைக்கால் நோயை ஒழிக்கத் தமிழகத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகக் கொடுத்த மாத்திரை அதுதான். விழுங்கிய லட்சக்கணக்கானோரில் ஒருவரும் எந்த ஆய்விதழிலும் மேற்கோளாகப் பதிவாக மாட்டார். அந்தக் கால்கள் வீங்காமல் காக்கப்பட்டதைவிடப் பெரிய தாக்கம் ஒரு விஞ்ஞானிக்கு வேறென்ன இருக்க முடியும்?

பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இன்று மேற்கோள் எண்ணிக்கையே தராசாகிவிட்டது. எண்ணிக்கையைப் பார்க்கட்டும், தவறில்லை. அந்த ஆய்வால் யார் பிழைத்தார்கள், யார் கற்றார்கள், அதிலிருந்து அடுத்து என்ன பிறந்தது என்பதையும் மதிப்பீட்டுக் குழுக்கள் சேர்த்தே கேட்க வேண்டும். ஏ.டி.பி. பாடம் நடத்தும் ஆசிரியர்கள், சென்னையில் படித்த இந்த மனிதரின் பெயரையும் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.