எந்த வங்கி என்று டோல்கேட்டுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

குருபரப்பள்ளி சிப்காட்டில் சரக்கேற்றிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிழக்கே போகும் லாரிக்குக் கொஞ்ச நேரத்திலேயே கிருஷ்ணகிரி டோல்கேட் வந்துவிடும். மேலே இருக்கும் ஆன்டெனா 865–867 மெகாஹெர்ட்ஸ் அலையை வீசுகிறது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகில் பேட்டரி கிடையாது. வந்த அலையிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். குறுக்குக் கட்டை மேலெழுகிறது. பின்னால் நிற்கும் காரின் டேக் வேறு வங்கியுடையது. அதற்கும் அதே கட்டை, அதே வேகம்.

எந்த எண் எந்த வங்கிக்கு உரியது என்ற பதிவேடு தேசிய பேமென்ட்ஸ் கழகத்திடம் இருக்கிறது. டோல்கேட்டின் கோரிக்கை அங்கே போய், பதிவேட்டைப் பார்த்து, உரிய வங்கிக்குத் திருப்பிவிடப்படுகிறது.

ஒரே வேலையைப் பலரில் யாரிடம் ஒப்படைப்பது என்பது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அன்றாடப் பிரச்சினை. அவசரத்தில் எழுதினால் கட்டணம் பிடிக்கும் நிரலுக்குள்ளேயே ‘இந்த வங்கியா, இப்படிச் செய், அந்த வங்கியா, அப்படிச் செய்’ என்று இஃப்-எல்ஸ் நீண்டுகொண்டே போகும். புது வங்கி ஒன்று வரும்போதெல்லாம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கைவைக்க வேண்டும்.

இதற்கு மாற்றுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. நிரல் தனக்கு வேண்டிய துணையை (இங்கே வங்கியை) தானே உருவாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்து கொடுப்பார்கள். ‘இந்தத் தொகையைப் பிடி, பிடித்தாயா இல்லையா, சொல்’ என்ற ஒப்பந்தம் மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். துணைகளை இணைக்கும் வேலை பெரும்பாலும் நிரல் தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. எந்த வங்கி என்பதோ லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியும். ஆகவே ஒரு வங்கியைக் கொடுத்துப் பயனில்லை. எல்லா வங்கிகளையும் பெயரிட்ட பட்டியலாகக் கொடுக்க வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங்கில் ஒரு ‘மேப்’ கேட்டால், ஒப்பந்தத்துக்கு உடன்பட்ட எல்லாவற்றையும் பெயரோடு சேர்த்துக் கொடுத்துவிடும். டாட்நெட்டில் இதற்கெனப் பெயரிட்டுப் பதியும் உள்ளமைந்த வசதி 2023 நவம்பரில், எட்டாம் பதிப்போடுதான் வந்தது. அதுவரை பெரும்பாலும் அவரவர் கைவேலைதான்.

சிலர் எல்லாத் துணைகளும் இருக்கும் மொத்தக் கிடங்கின் சாவியையும் நிரலின் கையில் கொடுத்து ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என்று விட்டுவிடுவார்கள். ஓடும். ஆனால் அந்த நிரல் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தெரிவுசெய்வதற்கென்று ஒரு சிறு பகுதியை எழுதி, டேக் எண்ணைப் பார்த்து வங்கியை எடுத்துத் தரும் பொறுப்பை அதனிடம் விடுவதே என் கட்சி.

வங்கி மாறினாலும் மற்றதில் கைவைக்க வேண்டாம் என்பதற்கு டோல்கேட்டே சாட்சி. 2024 மார்ச் 15-க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் ஃபாஸ்டேகில் பணம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. வண்டிக்காரர்கள் வேறு வங்கி டேக்குக்கு அலைந்தார்கள். டோல்கேட் ஆன்டெனாவை யாரும் கழற்றவில்லை.

துணைகளை வெளியிலிருந்து கொடுக்கும் இந்த முறையில், நிரலைச் சோதனை செய்கிறவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. எப்போது கேட்டாலும் ‘பாலன்ஸ் இல்லை’ என்று மட்டுமே சொல்லும் போலி வங்கி ஒன்றைப் பத்து வரியில் எழுதிப் பட்டியலில் சேர்த்துவிடலாம். நிஜ வங்கி எதுவும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளாது.