20 வயசு கரிஸ்மாவில் ஜவ்வாது மலை ஏறலாமா? பழைய டூரிங் பைக் வாங்குவோரும் வைத்திருப்போரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆலங்காயத்தைத் தாண்டி காவலூருக்கு ஏறும் சாலை. காலை ஏழு மணி இருக்கும். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்த பைக் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐடிலிங் சரியாக இருக்கிறது. பாதி ஆக்சிலேட்டர் வரைக்கும் ஓடுகிறது. அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் வருகிறதே தவிர, வேகம் வரவில்லை. போனை எடுத்தால் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

பைக், மாமா 2005இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. அவருக்கு முதுகுவலி வந்த பிறகு எட்டு மாதம் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. அதை நான் எடுத்து, ஆயில் மட்டும் மாற்றி, வாட்டர் வாஷ் பண்ணி, நேராக மலைக்குக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தப்பு யாருடையது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

உருட்டியும் ஓட்டியும் ஆலங்காயம் வந்து சேர்ந்தேன். "மலை உயரம் அண்ணே, காத்து கம்மி, அதான் இழுக்கல போல" என்று மெக்கானிக்கிடம் என் அறிவியலைச் சொன்னேன். "காவலூர் எழுநூறு மீட்டர் தம்பி. அதுக்கெல்லாம் கார்ப்பரேட்டர் கோவிச்சுக்காது" என்றார் அவர். கணக்கு போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம்தான் குறையும். பைக் கொஞ்சம் மந்தமாகும், படுத்துவிடாது.

கார்ப்பரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த வட்டமான கறுப்பு ரப்பர் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. பிரச்னை அந்த ஓட்டைதான்.

அந்த ரப்பர் என்ன செய்கிறது?

சின்ன பைக்குகளில் ஆக்சிலேட்டர் கேபிள் நேராக கார்ப்பரேட்டர் ஸ்லைடை மேலே இழுக்கும். கரிஸ்மாவில் இருப்பது சி.வி. கார்ப்பரேட்டர். இங்கே கேபிள் ஒரு பட்டர்ஃபிளை வால்வை மட்டும்தான் திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான் ஸ்லைடை மேலே தூக்குகிறது. அந்த வெற்றிடத்தைப் பிடித்து வைக்கிற சவ்வுதான் இந்த டயஃப்ரம். அதில் ஓட்டை விழுந்தால் ஸ்லைடு முழுசாக எழும்பாது, பெட்ரோல் போதுமான அளவு போகாது. ஐடிலிங்குக்குத் தனி வழி இருப்பதால் வண்டி நின்ற இடத்தில் நல்ல பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டிருக்கும்.

எட்டு மாதம் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தது இதை மோசமாக்கியிருக்கலாம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரகரப்பரை ஊத வைக்கும், இல்லை இறுகி வெடிக்க வைக்கும். இரும்பு டேங்கின் உள்ளே துருவையும் கிளப்பும். மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளுக்கு 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று சொன்னது. செலவு குறைவுதான், மறுக்கவில்லை. பாகம் கிடைத்தால்தானே செலவு செய்ய முடியும்?

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்களா? பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டர் அடியில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாததற்கு நான் குட்டி யானை வாடகை கொடுத்தேன்.

கரிஸ்மா ஒரு ஸ்போர்ட் டூரரா?

வெளிநாட்டு ஆட்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஸ்போர்ட் டூரர் என்றால் 1990இல் வந்த ஹோண்டா எஸ்டி1100 மாதிரி 28 லிட்டர் டேங்கும் ஷாஃப்ட் டிரைவும் உள்ள யானை. அல்லது 2001இல் வந்த யமஹா எஃப்ஜேஆர்1300. வேகமும் வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பும் வலிக்கக் கூடாது என்பதுதான் அந்த வகையின் இலக்கணம். 100 சிசி, 150 சிசி பைக்குகளே ஆண்டுகொண்டிருந்த ஊருக்கு அந்த இலக்கணத்தோடு 2003இல் வந்தது 223 சிசி கரிஸ்மா. 15 லிட்டர் டேங்க், காற்றைத் தடுக்கும் அரை ஃபேரிங், நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில். அதன் எஞ்சின் ஹோண்டாவின் சிஆர்எஃப்230 குடும்பத்துச் சொந்தம். லடாக் போனவர்கள், பெங்களூரு ஐடி வேலையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி திருப்பத்தூருக்குக் கிளம்பியவர்கள் என்று ஒரு தலைமுறையே அதில் ஓட்டியது.

2009இல் முழு ஃபேரிங்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் கொண்ட இசட்எம்ஆர் வந்தது. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தன. 2011இல் ஹோண்டா தனியாக சிபிஆர்250ஆர் கொண்டு வந்து, பிஎஸ்6 விதிகள் வந்த 2020இல் நிறுத்தியது. ஹீரோ 2023இல் கொண்டு வந்த கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் 210 சிசி லிக்விட் கூல்டு எஞ்சினோடு வந்தது. அதில் இருக்கும் பழைய கரிஸ்மா, பெயர் மட்டும்தான்.

ஆக, உங்கள் வீட்டு கரிஸ்மாவின் டேங்கில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரே இன்று கிடையாது. காவலூரில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார். வைணு பாப்பு ஆய்வகத்தில் 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது. செய்த நாடே இப்போது வரைபடத்தில் இல்லை. கருவி 50 ஆண்டு தாண்டியும் வேலை செய்தது. அதைப் பராமரிக்கத் தனி ஆட்களும் பட்டறையும் உண்டு. நமக்கு உண்டானது புதுப்பேட்டை.

பாகம் வாங்கப் போகும் முன்: எண்ணைப் படியுங்கள்

"கரிஸ்மாவுக்கு அது வராது தம்பி" என்ற பதிலை நான் மூன்று கடைகளில் கேட்டேன். பிறகுதான் புரிந்தது, பைக் பெயரைச் சொல்லிக் கேட்டது என் முட்டாள்தனம். பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஹோண்டா வழி வந்த பாகங்களின் எண் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். 17910 என்றால் ஆக்சிலேட்டர் கேபிள், 22870 என்றால் கிளட்ச் கேபிள். நடுவில் உள்ள மூன்று எழுத்துகள் அது முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு. கடைசித் துண்டு, அதன் பதிப்பு. நடுத்துண்டு வேறு மாடலுடையதாக இருந்தால், உங்கள் பைக்கில் இருக்கும் அந்தப் பாகம் இன்னொரு பைக்கிலிருந்து கடன் வாங்கியது என்று அர்த்தம். அந்த பைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் பாகமும் எங்கேயோ கிடைக்கும். பார்ட்ஸ் கேட்டலாக்கைத் தேடி எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங் கதை இன்னும் சுலபம். அதற்கு பைக் கடைக்கே போக வேண்டாம். பழைய பேரிங்கைத் துடைத்தால் 6301, 6202 என்று ஏதாவது பொறித்திருக்கும். அது உலகம் முழுக்க ஒரே அளவு. 6301 என்றால் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 37, அகலம் 12. பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் மாவு மெஷினுக்குக் கொடுப்பது போலவே உங்களுக்கும் கொடுப்பார்கள். '2ஆர்எஸ்' என்று முடிவதைக் கேளுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும், மழைத்தண்ணி எளிதில் போகாது. ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் அச்சாகியிருக்கும்.

டயஃப்ரம், கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய், மீட்டர் கன்சோல், இசட்எம்ஆரின் இசியூ, ஃபேரிங். இவைதான் உண்மையான தலைவலி. ஏனென்றால் இவற்றுக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்காவது புதுசு கண்ணில் பட்டால் இப்போதைக்குத் தேவை இல்லையென்றாலும் வாங்கி வையுங்கள். ரப்பரை வெயில் படாமல் கவரில் கட்டி வைக்கலாம். ஃபேரிங் உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஏபிஎஸ் என்று பொறித்திருந்தால் ஒட்டவும் வெல்டு பண்ணவும் முடியும். பிபி என்றால் சாதாரணப் பசை நிற்காது, சூடு வைத்து இணைப்பதுதான் நல்லது.

புதுப்பேட்டையில் எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

எழும்பூர் பக்கம், கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் பிரித்த வண்டிகள் மலைபோலக் குவிந்திருக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். போட்டோ போதாது. ஃபுட்ரெஸ்ட், கிராப் ரெயில், சுவிட்ச், ஹெட்லைட் கூடு, கார்ப்பரேட்டர் முழுசாக, இதெல்லாம் பழசு வாங்கலாம். பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஹோஸ், செயின், டயர் இவற்றைப் பழசு வாங்கவே வேண்டாம். மிச்சம் பிடிக்கும் காசு மலையிறக்கத்தில் ஒரு வளைவுக்குக்கூடத் தாங்காது.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் பயப்படுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று எஞ்சினை மாற்றினால், அதன் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் பொருந்தாது. முன்னனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிவு செய்யாமல் ஓட்டக்கூடாது. அதைவிட மோசம், அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பில் இல்லாத எஞ்சின் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பரீட்சை

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை பிரேக்கை விட்டு நகராது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோல் 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பைக் நிற்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எந்த ரகம் என்று ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும். இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

டயரில் பட்டன் தேயவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. மாமாவின் பின்டயரில் பட்டன் அழகாக இருந்தது, எண் 1114. அந்த டயரில்தான் நான் மலை ஏறியிருக்கிறேன்.

பழசு வாங்கப் போகிறீர்களா? காகிதம் முதலில்

பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு ஆனதும் டெல்லியில் நடந்தது போன்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 300 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து 1,000. வண்டி 20 ஆண்டைத் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 2,000. ஆய்வுக்கு வண்டியைக் காட்டவும் வேண்டும். 50 ஆண்டு ஆனால்தான் 'வின்டேஜ்' அந்தஸ்து. முதல் கரிஸ்மாவுக்கு அது 2053இல் வரும், அதுவரை பொறுங்கள்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு கொடுக்கும்?" அல்ல, "ஆர்.சி. எதுவரைக்கும்?" என்பதுதான். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் தடவிப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். லோன் முடிந்தும் ஹைப்பாதிகேஷன் நீக்கப்படாமல் இருக்கிறதா என்று எம்பரிவாகனில் தெரியும். கர்நாடகப் பதிவு எண் என்றால் என்.ஓ.சி. வேண்டும். பிறகு, நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சின் பொய் சொல்லாது. கிளம்பியதும் வரும் நீலப் புகை ஆயில் எரிகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

எனக்குப் பிடித்த பைக் கரிஸ்மாதான். ஆனால் முதல் பழைய டூரிங் பைக் எது என்று யாராவது கேட்டால் பல்சர் 220 என்றுதான் சொல்வேன். பஜாஜ் அதை நிறுத்திவிட்டு 2023இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டு வந்தது. புதுசாக விற்கும் பைக்குக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை.

டயஃப்ரம் கடைசியில் தனியாகக் கிடைக்கவே இல்லை. புதுப்பேட்டையில் ஒரு முழு கார்ப்பரேட்டரை வாங்கி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, அதிலிருந்து எடுத்து மாட்டினேன். மிச்சம் உள்ள கார்ப்பரேட்டர் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. புது டயர் போட்டாச்சு, பிரேக் ஆயில் மாற்றியாச்சு. இந்த ஞாயிறு மறுபடி ஜமுனாமரத்தூர் என்று நினைத்திருந்தேன். நேற்று பார்த்தால் முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறது. சீல் மேலேயே அளவு எழுதியிருக்கும், அதனால் இந்த முறை கடையில் கரிஸ்மா என்ற பேச்சையே எடுக்கப் போவதில்லை.