கர்ப்பகால இரத்த அழுத்தமும் கருவின் வளர்ச்சியும்

“எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே டாக்டர், பிறகு எதற்கு மாத்திரை?” மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும்போது பெரும்பாலான தாய்மார்களுக்குத் தொடக்கத்தில் எதுவும் தெரிவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு வருகையின்போதும் அதை அளந்து பார்க்கிறோம்.

மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அல்லது அவற்றுக்கு மேல், மீண்டும் அளக்கும்போதும் காணப்பட்டால் அது உயர் இரத்த அழுத்தம் ஆகும். 160/110 என்ற நிலை அவசர சிகிச்சைக்குரியது. 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பாதிக்கப்பட்டாலோ அதனை முன்சூல்வலிப்பு என்கிறோம். கவனிக்காவிட்டால் அது வலிப்பாக மாறித் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதனால் கருவின் வளர்ச்சி ஏன் குறைகிறது? கருவுக்கு வேண்டிய உயிர்வளியும் ஊட்டமும் நச்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. கர்ப்பத்தின் முதற்பாதியில் கருப்பையின் சிறு தமனிகள் நன்கு அகன்று அதற்கு வழிவிட வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகல்வதில்லை. அப்போது கருவுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. பாதிக்கப்பட்ட நச்சுக்கொடியிலிருந்து வெளிப்படும் பொருள்கள் தாயின் இரத்த நாளங்களையும் பாதித்து அழுத்தத்தை உயர்த்துகின்றன. எனவே இது தாய் சரியாகச் சாப்பிடாததால் வந்த குறையன்று. குடும்பத்தினர் அவரைக் குறை கூறலாகாது.

வயிற்றின் வளர்ச்சி வாரக்கணக்குக்குக் குறைவாகத் தெரிந்தால் ஸ்கேன் மூலம் கருவின் எடையைக் கணிக்கிறோம். தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தை டாப்ளர் பரிசோதனை காட்டும். சிறிதாக உள்ள எல்லாக் கருக்களும் நலிந்தவை அல்ல. வேறுபாட்டை அறியவே மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்கிறோம். “குழந்தை சிறிதாக இருந்தால் பிரசவம் எளிது” என்று மகிழ்வது தவறு. நலிந்த குழந்தைக்குப் பிரசவ வலியைத் தாங்கும் ஆற்றல் குறைவு.

லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துகள். இவை தாயைப் பக்கவாதத்திலிருந்து காக்கின்றன. கருவின் எடையைக் கூட்டுவதில்லை. இருப்பினும் தாயைக் காப்பதன் மூலம், குழந்தை கருப்பையில் மேலும் சில நாள்கள் வளர வாய்ப்பளிக்கின்றன. குறைமாதப் பிரசவம் தவிர்க்க இயலாதெனில், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும், கர்ப்பத்திற்கு முன் உட்கொண்ட இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தொடர்வதும் ஆபத்தானவை.

பின்வருவனவற்றில் ஒன்று தோன்றினாலும், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்:

• விடாத தலைவலி
• கண் மங்குதல், ஒளிப்பொறி தெரிதல்
• மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல்
• முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
• குழந்தையின் அசைவு குறைதல்
• இரத்தப்போக்கு, வலிப்பு

பிரசவத்துடன் கவலை முடிந்துவிடுவதில்லை. முதல் வாரத்தில் அழுத்தம் மீண்டும் உயரலாம், வலிப்பும் வரலாம். எனவே குறைந்தது 6 வாரங்கள் வரை பரிசோதனைக்கு வாருங்கள். அடுத்த முறை கருவுற்றால் தொடக்கத்திலேயே இதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். தேவையெனில், 16 வாரங்களுக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கி இந்நோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்க இயலும்.