ஆரஞ்சுத் தோல் செய்யும் குறும்பு!

கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடம். இவை எல்லாம் கம்ப்யூட்டரின் "ஹார்ட் டிஸ்க்" தகட்டில் எப்படி இருக்கின்றன தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்களாகப் பதிந்து இருக்கின்றன!

அவற்றைப் படித்துச் சொல்வது ஒரு சிறு முனை. கிராமபோன் ஊசி போல, சுழலும் தகட்டின் மேலே அது போகும். ஆனால், தகட்டைத் தொடாது.

மூன்று படலம்

பால் மேல் ஏடு படிவது போல, முனைக்குள் மெல்லிய படலங்கள் படிந்து இருக்கும். முக்கியமானவை மூன்று. மேலும் கீழும் காந்தப் படலம். நடுவில் காந்தம் அல்லாத படலம்.

ஒரு காந்தப் படலத்தின் திசை மாறாது. மற்றது, தகட்டில் உள்ள காந்தத்துக்கு ஏற்பத் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் மின்சாரம் எளிதாக ஓடும். எதிரும் புதிருமாக இருந்தால் தடை கூடும். அதை வைத்துத்தான் தகட்டில் இருப்பது தெரிகிறது.

இந்த அதிசயத்தை 1988-ம் ஆண்டில் பிரான்சில் ஆல்பர்ட் பெர்ட்டும், ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மேடும் பள்ளமும்

இதில் ஒரு தொல்லை உண்டு. படலம் கண்ணாடி போலத் தோன்றும். உண்மையில், ஆரஞ்சுத் தோல் போல அதில் மேடு பள்ளம் இருக்கும். மேட்டின் ஒரு சரிவில் வடதுருவமும், மறு சரிவில் தென்துருவமும் தோன்றும். எதிரே உள்ள படலத்திலும் அதே மேடு பள்ளம். துருவங்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். திரும்ப வேண்டிய படலம் திரும்பத் தயங்கும். தயங்கினால், படிப்பது தப்பாகும்!

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி நீல் இதை 1962-லேயே கணக்குப் போட்டுச் சொல்லி விட்டார். அப்போது இந்த முனையே கிடையாது! "ஆரஞ்சுத் தோல் பிணைப்பு" என்றே இதற்குப் பெயர்.

முள்ளை முள்ளால்...

நடுப்படலம் மெலிய மெலிய இந்த இழுப்பு கூடும். முன்பு அது செம்பு. கனம் 2 அல்லது 3 நானோ மீட்டர். இன்று மக்னீசியம் ஆக்சைடு. சுமார் 1 நானோ மீட்டர்தான். ஒரு மில்லி மீட்டரை 10 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு!

ஆகவே, காற்றை நீக்கிய அறைக்குள் படலத்தைக் கூடிய மட்டும் சமமாகப் படிய வைக்கிறார்கள். அப்படியும் மேடு அடியோடு போவது இல்லை. மிஞ்சும் இழுப்பை, எதிர்த் திசையில் இன்னொரு காந்த இழுப்பைக் கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

சில அணு உயர மேடுதான். அதை அடக்கினால்தான் கல்யாணப் படம் கல்யாணப் படமாக வரும்!