ஓ.பி. சீட்டில் எழுதாத நோய்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். வெளியூர்க்காரர்கள் அந்தப் புகைப்படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கவில்லை. வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறவருக்கு இருப்பது பயம், அதுவும் விவரமான பயம். மழை விட்டு வாரக்கணக்கான பிறகும் தூங்க முடியாமல், வேலைக்குப் போகப் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல் இருப்பவருக்கு வேறு ஏதோ ஆகியிருக்கிறது.

ஆனால், 'மனசு சரியில்லை' என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு வாங்குகிறவர்கள் அரிது. 'தலை பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'உடம்பெல்லாம் அசதி' என்றுதான் வருவார்கள். பி.பி. சரி, சர்க்கரை சரி, இ.சி.ஜி. சரி. சத்து மாத்திரையோடு திரும்பிப் போய், அடுத்த மாதம் அதே தலைபாரத்தோடு வருவார்கள். இது நடிப்பல்ல. மனச்சோர்வு தூக்கத்தை, பசியை, குடலை, வலியை உணரும் விதத்தையே மாற்றிவிடும். உடம்பின் மொழியில் மனம் பேசுகிறது, அவ்வளவுதான்.

அந்த மொழியை முதலில் கேட்கிறவர் பெரும்பாலும் செவிலியர். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரசவமான வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று நகர்ப்புற சுகாதார செவிலியர் தெருவுக்குள் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் வழியாக பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மனநல மருத்துவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். 'நர்சம்மா' வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தச் சாதாரணத்தனம்தான் அவருடைய பலம்.

அவர் கேட்கக்கூடிய கேள்விகளும் சாதாரணமானவையே. உலகம் முழுக்க முதல் சோதனையாகப் பயன்படுபவை இரண்டு. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை அற்று இருந்ததா? பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தை பெற்ற பெண் முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுவது பொதுவானது, தானே சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் அது சோம்பேறித்தனமும் அல்ல, காத்துக் கருப்பும் அல்ல. மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய்.

'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கலாமா? கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சுவிட இடம் தருகிறது.

இதற்குச் செவிலியரைத் தயார்ப்படுத்துகிறோமா என்பது வேறு விஷயம். ஏற்கெனவே பத்துப் பதிவேடு சுமப்பவர் கையில் பதினொன்றாவதைக் கொடுத்து, ஒரு நாள் வகுப்பு நடத்திவிட்டு, விழிப்புணர்வு வந்துவிட்டது என்று சொன்னால் அது கணக்குக் காட்டும் வேலை. பேச நேரம் வேண்டும். அனுப்பி வைத்த இடத்தில் ஒரு மருத்துவர் இருக்கவும் வேண்டும்.

செவிலியர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை; அதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கடலோரக் குப்பம் ஒன்றுக்கு அனுப்பியது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் பாட்டிமார்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள். அந்த ஊரில் இந்த நோய்க்குப் பெயர் 'அதிகமாக யோசிப்பது'. நம் வீடுகளிலும் 'ரொம்ப யோசிக்காதே' என்றுதானே சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அந்தப் பாட்டிகள் போவதில்லை.

பெரிய தடை ஒரு சொல்தான்: 'கீழ்ப்பாக்கம்'. தெருச் சண்டையிலும் சினிமா காமெடியிலும் அதை வசவாக்கிவிட்டோம். 1794இல் தொடங்கிய, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனை அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் 1961 முதல் அங்கே கண்காணிப்பாளராக இருந்தார்; 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனநல அமைப்பையும் தொடங்கினார். இன்று அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்.

மருந்து பற்றி ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரைபோல அரை மணியில் வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாவது நாளில் 'ஒண்ணும் கேட்கலை' என்று நிறுத்துவதும், தேறியதும் தானாக நிறுத்துவதும்தான் நோய் திரும்பி வர வழி. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது.

உங்கள் வீட்டிலோ அடுத்த ஃபிளாட்டிலோ யாராவது நினைவுக்கு வந்தால், 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணைக் குறித்து வையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.